தூணைச் சுற்றி ஐநூறு நாள்

காலை ஏழே காலுக்குத் தமயந்தி அன்றைக்கு முதல் தடவையாக விழுந்தாள். இடது கால் ஓசூர் பக்கம் போக, வலது கால் ஊத்தங்கரை பக்கம் போக, நடுவில் மாட்டிக்கொண்டவள் ஐஸில் சப்பென்று உட்கார்ந்தாள். பயிற்சியாளர் குகதாசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

"சரி, முதலாவது விழுந்தாச்சு. இனி வேலையைப் பாப்பம்," என்றார்.

இதை அவர் தினமும் சொல்வார். அவள் தினமும் விழுவாள். அவள் விழாமல் அந்த ஐஸில் ஒரு நாள் பயிற்சிகூடத் தொடங்கியதில்லை. குகதாசனுக்குச் சொந்த ஊர் சாவகச்சேரி. நான்கு வயதில் கனடாவுக்குப் போய், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வளர்ந்து, பள்ளி நாட்களிலேயே ஐஸ் ஹாக்கியில் மூன்று பற்களை இழந்தவர். அவருடைய தமிழ் மட்டும் அம்மாவின் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. கிருஷ்ணகிரிக்கு வந்த புதிதில் அவர் பேசுவது கிடங்கு லோடுமேன்களுக்குப் புரியவில்லை. அவர்கள் பேசுவது அவருக்கும் புரியவில்லை. ஐஸில் விழுந்தால் வருகிற சத்தம் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

கிருஷ்ணகிரிக்கு ஐஸ் ஹாக்கி எதற்கு என்று கேட்டால், மாம்பழம்தான் காரணம். மாங்கூழ் ஏற்றுமதி செய்கிற நாகரத்தினத்திடம் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் இருந்தது. சீசன் நான்கு மாதம். மீதி எட்டு மாதம் அங்கே கரப்பான்பூச்சிகூடக் குடியிருக்காது. பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கான தேசியப் பனிக்கோப்பைக்கு எல்லா மாநிலமும் அணி அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்தபோது, வெளிநாட்டில் படித்து வந்த அவர் மகள் மாதங்கி, அப்பா, தரையில் தண்ணியை ஊத்தி கம்ப்ரஸரை முழு வேகத்தில் ஓட விட்டால் போதும் என்றாள். மகள் சொன்னால் நாகரத்தினம் மாமரத்தையே தலைகீழாக நட்டுவிடுவார். தண்ணியை ஊற்றினார். தமிழ்நாட்டின் ஒரே ஐஸ் தளம் அப்படிப் பிறந்தது. போட்டிக்கு வேறு ஆளே இல்லாததால் அதில் ஆடிய மாதங்கியும் மற்றப் பெண்களுமே மாநில அணியாகவும் ஆனார்கள். அணிக்குப் பேர் செந்தூரா, அந்த ஊர் மாம்பழத்தின் பேர். சட்டையில் ஒரு மாம்பழம் ஹாக்கி மட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு குறை. தளத்தின் நட்ட நடுவில் ஒரு கான்கிரீட் தூண் நின்றது. அதை எடுத்தால் கூரையும் கூடவே வரும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். முதல் வருஷ ஆயுத பூஜையில் கம்ப்ரஸருக்கும் தராசுக்கும் பொட்டு வைத்த லோடுமேன்கள், கையில் மிச்சமிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் தூணுக்கும் அப்பினார்கள். மறுநாள் ஐஸில் வழுக்கிய ஒருவர் தூணைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தார். அன்றிலிருந்து அது தூணம்மா. கடந்து போகிறவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குகதாசனே ஒற்றிக்கொண்டார். கனடாவில் உள்ள எல்லா ஐஸ் தளங்களிலும் இப்படி ஒரு தூண் இல்லாததுதான் குறை என்று சொல்வார்.

தமயந்தி அணியில் இல்லை. அவள் அணிக்காகப் பயிற்சி செய்கிறவள். இரண்டும் வேறு வேறு என்பது அவளுக்கே முதலில் விளங்கவில்லை. இருபத்தாறு வயது. ரோலர் ஸ்கேட்டிங்கில் மூன்று தடவை மாவட்ட சாம்பியன். 'ஸ்கேட்டிங் தெரிந்த பெண் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஆடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தலை நிறைய பூ வைத்துக்கொண்டு வந்தாள். அறையில் பந்தல்காரர் ஜெனரேட்டர் அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து இரண்டு தொப்பிகள் தொங்கின. பக்கத்தில் ஓசூர்க்காரன் கிரிதரன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். முன்பு ஸ்கேன் சென்டரில் இருந்தவன். அந்தப் பெட்டியின் ஆங்கிலப் பேர் ஒன்றரை வரி நீளம். ஒரு தலையிலிருந்து இறைத்து இன்னொரு தலைக்குப் பாய்ச்சுவதால் எல்லோரும் அதை மோட்டார் என்றார்கள்.

"மனசுல இருக்கறதை இது தொடாதுங்க. உடம்பு பழகறதை மட்டும் எடுக்கும்," என்றான் கிரிதரன். "நீங்க பகல்ல பழகினது ராத்திரி தூங்கறப்பதான் கெட்டிப்படுது. அதுக்கு முன்னாடி, ஈரமா இருக்கறப்பவே வழிச்சு எடுத்து ஆட்டக்காரங்களுக்கு ஏத்திடுவோம். சாயங்காலம் நாலு மணிக்கு. அரை மணி நேர வேலை."

"எடுத்தா எனக்கு இருக்காதா?"

"வழிச்ச பாத்திரத்துல மாவு இருக்குமாங்க?"

பிறகு அவன் சொன்னதுதான் விஷயம். ஒரு உடம்பு புதிதாக ஒன்றைப் பழகும்போது முதல் நாள்தான் நிறையக் கற்கும். இரண்டாம் நாள் அதில் பாதி, மூன்றாம் நாள் கால். போகப் போக மாசக்கணக்கில் முட்டினாலும் எறும்பளவுதான் ஏறும். ஆகவே எப்போதும் முதல் நாளிலேயே நிற்கிற ஒரு உடம்பு வேண்டும். தினமும் அதனிடமிருந்து முதல் நாளை எடுத்துக்கொள்ளலாம். நூறு முதல் நாட்களை ஒரே காலில் ஊற்றினால், பிறந்ததிலிருந்து ஐஸில் வளர்ந்த கால் மாதிரி ஆகிவிடும்.

"விழுந்தா? விழுந்ததும் அவங்களுக்குப் போகுமா?" என்று கேட்டாள் தமயந்தி.

"சே சே. வடிகட்டி வெச்சிருக்கோம். விழுந்தது, தடுமாறினது எல்லாம் எடுக்காம உங்ககிட்டயே தள்ளிடும். அதை யாருங்க கேப்பாங்க?"

விதிப்படி இது சரிதானா என்று யாராவது கேட்டால் நாகரத்தினம் விதிப்புத்தகத்தையே எடுத்து நீட்டுவார். அதில் மாத்திரை கூடாது, ஊசி கூடாது என்று போட்டிருந்தது. மோட்டார் பற்றி ஒரு வரி இல்லை.

தமயந்தி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஐநூறு நாள் பயிற்சி தருகிறேன். ஐநூறாவது நாளை யாரும் எடுக்கக் கூடாது, அது என் உடம்பிலேயே தங்க வேண்டும், அன்றைக்கு என் பேர் போட்ட சட்டையோடு ஆட வேண்டும் என்றாள். ஒரு நாள் தங்கிவிட்டால் அதன்மேல் இன்னொரு நாளைக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. நாகரத்தினம் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஐநூறாவது நாள் ரொம்ப தூரத்தில் இருந்தது.

முதல் வாரமே ஒரு தப்பு நடந்தது. மோட்டார் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று கிரிதரன் சரியாக வைக்கவில்லை. அது அன்றைய பாடத்தோடு நிற்காமல் அடியில் இருந்ததையும் சுரண்டிக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தமயந்தி தன் பழைய ரோலர் ஸ்கேட்டைக் காலில் மாட்டினாள். நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை. ஏழு வயதிலிருந்து பழகியது. அலமாரியில் மூன்று மெடல், கீழே அவள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஸ்கூட்டி ஓட்டவே திரும்பப் பழக மூன்று மாதம் ஆனது. அதுவரை டவுன் பஸ்தான்.

கிரிதரன் மன்னிப்புக் கேட்டான். நிஜமாகவே வருத்தப்பட்டான். கடலையைக்கூட ஒரு நாள் தொடவில்லை. திருப்பித் தர முடியாதா என்று கேட்டபோது, ஏற்றியது மாதங்கியின் உடம்பில், இப்போது அங்கே எது யாருடையது என்று மோட்டாருக்குத் தெரியாது என்றான். ஆழத்தைக் குறைத்து, ஆழம் வைக்கிற திருகின்மேல் சிவப்பு டேப் ஒட்டினான்.

அதற்குப் பிறகு எல்லா நாளும் ஒரே நாள்தான். காலையில் விழுவாள். குகதாசன் வேலையைப் பாப்பம் என்பார். மதியத்துக்குள் அவள் கால்கள் தூணைச் சுற்றி எட்டுப் போடும், பின்பக்கமாக ஓடும், சரேலென்று குறுக்கே திரும்பி ஐஸ் பொடி பறக்க நிற்கும். பக் என்கிற ரப்பர் வட்டை மட்டையின் நுனியிலேயே ஒட்டவைத்துக்கொண்டு ஆரஞ்சு கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து போவாள். மூன்றரை மணிக்கு அவளைப் போல ஐஸில் ஓட தென்னிந்தியாவில் ஆள் கிடையாது. நாலரை மணிக்குக் கோல்ட் ஸ்டோரேஜ் படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குவாள். பாடம் முழுவதும் மனசில் இருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்று ஒப்பிப்பாள். வாய்க்குத் தெரிந்தது காலுக்குத் தெரியாது.

விழுவதற்கும் குகதாசன் பாடம் வைத்திருந்தார். கனடாவில் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்களாம். தாடையை நெஞ்சோடு சேர், முட்டியை முதலில் இறக்கு, விரலை மூடி முஷ்டியாக்கு, இல்லாவிட்டால் அடுத்தவர் பிளேடு விரலைக் கொண்டுபோய்விடும். எழும்போது ஒரு முட்டியை ஊன்றி, மற்றக் காலை முன்னே வைத்து, தொடையில் கை வைத்துத் தள்ளு. தமயந்தி இதை யோசித்ததே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை விழுகிறவளுக்கு யோசிக்க ஏது நேரம்? முதல் வருஷம் எழுந்திருக்க நாலு விநாடி ஆனது. மூன்றாம் வருஷம் விழுந்தாளா இல்லையா என்றே சில நேரம் குகதாசனுக்குச் சந்தேகம் வந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவள் உட்பட.

மாதங்கி நல்ல பெண். அதுதான் தமயந்திக்குக் கஷ்டமாக இருந்தது, திட்டவும் முடியாது. ஏசி அறையில் தொப்பியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவாள். வெளியே வரும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஒரு நாள் கேண்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? போன வாரம் பஸ் ஸ்டாண்டுல உங்க அம்மா என்னை முதுகுப் பக்கமா பாத்துட்டு தமயந்தின்னு கூப்பிட்டாங்க. என் நடையே உங்க நடை ஆயிடுச்சு."

தமயந்தி காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் இதுவரைக்கும் ஐஸ்ல விழுந்ததே இல்லை. அது எப்படிக்கா இருக்கும்?"

"வலிக்கும்," என்றாள் தமயந்தி.

தேசியப் பனிக்கோப்பை ஜனவரியில், லடாக்கின் லே நகரத்தில். தமயந்தி சுவரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். லேயில் முதல் ஆட்டம் நடக்கிற நாள்தான் அவளுக்கு ஐநூறாவது நாள். ஒன்பது பேரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி, செந்தூராவில் எட்டுப் பேர்தான் என்பதால் நாகரத்தினம் தாராள மனதோடு அவளுக்கு ஒன்பதாம் நம்பர் சட்டையைத் தந்தார். முதுகில் பேர் இருந்தது. பெஞ்சில் சும்மா உட்கார்ந்தால் போதும்மா, ஐஸ் பக்கம் போக வேண்டாம் என்றார். அவள் அந்தச் சட்டையைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து மூன்று தடவை மடித்துப் பார்த்தாள். சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

லேயில் ஆட்டம் திறந்தவெளியில். மதியம் இரண்டு மணி, சுற்றிலும் மலை, கண்ணைக் கூசும் வெயில், மூச்சு விட்டால் பாதிதான் உள்ளே போகிறது. எதிரணி இமாச்சலப் பிரதேசம். செந்தூராப் பெண்கள் ஐஸில் இறங்கி ஒரு சுற்று வந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மாமரத்து ஊரிலிருந்து வந்தவர்களா இவர்கள் என்று இமாச்சலப் பயிற்சியாளரே குகதாசனிடம் வந்து கேட்டார். நாகரத்தினம் கம்பளிக்குல்லாயைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

விசில் ஊதியது. மாதங்கி பக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்தாள். தளத்தின் நடுவுக்கு வந்ததும் அழகாக இடதுபக்கம் வளைந்து, காற்றில் எதையோ தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி நேர்க்கோட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த பெண்ணும் வளைந்தாள், ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பின்னால் வந்தவளும். கோல் காப்பவள் மட்டும் வளையவில்லை, அவள் இடத்தை விட்டு நகர்வதில்லை என்பதால்.

குகதாசன் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். "ஐயோ, தூண்," என்றார்.

இரண்டரை வருஷமாக எல்லோரும் அந்தத் தூணைச் சுற்றித்தான் ஆடியிருக்கிறார்கள். அங்கே வளைந்தது யார் கண்ணிலும் படவில்லை, வளையாவிட்டால்தான் பட்டிருக்கும். இத்தனை முதல் நாட்களோடு தூணும் அவர்கள் காலில் ஏறிவிட்டது. வளையாதீங்கோ என்று குகதாசன் கத்தினார். அவர்களுக்கும் தெரியும். தலை வேண்டாம் என்றது, கால் கேட்கவில்லை.

முதல் ஐந்து நிமிஷம் இமாச்சலப் பெண்கள் இதை ஏதோ தென்னாட்டுத் தந்திரம் என்று பயந்தார்கள். பிறகு ஒருத்தி, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே போய்ச் சும்மா நின்றாள். மாதங்கி நேராக அவள் தோளில் போய் மோதினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஐஸில் விழுந்தாள். விரல்களை விரித்து, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு மடங்கியது. விழுந்தவள் எழவும் இல்லை. எழுவது எப்படி என்று காலில் ஒன்றுமே இல்லை. ஒரு காலை வைப்பாள், வழுக்கும், மறுபடி வைப்பாள். கடைசியில் நடுவரே தூக்கி விட்டார்.

பிறகு வரிசையாக நடந்தது. அடுத்தவள் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். பின்பக்கம் ஓடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை, ஆனால் விழுந்த இடத்தில் பிரித்துப் போட்ட நாற்காலி மாதிரி கிடந்தாள். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. மூன்றாவது பெண் அடிபட்டதைவிட அந்தச் சிரிப்பில்தான் அழுதாள், இனி இறங்க மாட்டேன் என்று முகத்தை மூடிக்கொண்டாள். எட்டில் மூன்று போய்விட்டது. ஏழுக்குப் பூஜ்யம். பெஞ்சில் ஒன்பதாம் நம்பர் மட்டும் இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்," என்றாள் தமயந்தி. நேற்று சாயங்காலம்கூட லே ஓட்டல் அறையில் வைத்து எடுத்துவிட்டார்கள்.

"விழத் தெரியும்தானே," என்றார் குகதாசன். "அங்க ஒருத்தருக்கும் அது தெரியேல்ல. போம்."

அவள் தடுப்பைத் தாண்டி இறங்கினாள். இரண்டு அடி வைத்தாள். விழுந்தாள். கூட்டம் ஓவென்று சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். நாலடி போய் விழுந்தாள், நின்றாள். ஒரு இமாச்சலப் பெண் தோளால் இடித்துச் சாய்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று திரும்பிப் பார்த்தால் தமயந்தி பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி இடித்தாள். மறுபடியும் வந்தாள். பார்க்கிறவர்களுக்கு இப்போது யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று குழப்பம் வந்தது.

தளத்தின் நடுவை அவள் நேராகவே கடந்தாள். அவள் காலில் தூண் இல்லை, எதுவுமே இல்லையே. மாதங்கியின் இடத்தில் ஆடுகிறவள் எங்கே வளைவாள், பக்கை எங்கே விடுவாள் என்று அவள் மனசுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். எல்லாம் அவளுடைய பாடம்தானே. கடைசி நிமிஷத்தில் அந்த இடத்துக்கு முன்னதாகவே போய் நின்றாள். பக் வந்தது, கூடவே இமாச்சலத்தின் தடுப்பாளியும் வந்தாள். இருவரும் மோதி, கோலுக்கு முன்னால் சேர்ந்தே விழுந்தார்கள். அந்தப் பெண்ணும் பனியில் வளர்ந்தவள், விழுந்து எழுந்தவள்தான். ஆனாலும் அவள் ஒரு முட்டியை ஊன்றும்போது தமயந்தி நின்றாகிவிட்டது. மட்டையால் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிய வேகத்தில் மறுபடியும் விழுந்தாள். பக் உள்ளே போனதைப் படுத்துக்கொண்டுதான் பார்த்தாள்.

ஏழுக்கு ஒன்று. படுதோல்வி. கூட்டம் தமயந்திக்குப் புரியாத ஒரு கோஷத்தோடு எழுந்து நின்று கைதட்டியது. நாகரத்தினம் அவளைக் கட்டிப்பிடிக்கப் போய், மரியாதை கருதிக் குகதாசனைக் கட்டிப்பிடித்தார்.

நாலு மணிக்கு அவளை ஓட்டல் அறைக்குக் கூப்பிட்டார்கள். கிரிதரன் மோட்டாரை ஓட வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாதங்கி கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் இருந்தாள்.

"ஏம்மா தமயந்தி, கோச்சுக்காதே," என்றார் நாகரத்தினம். நாளை மறுநாள் ஐந்தாம் இடத்துக்கு இன்னொரு ஆட்டம் இருக்கிறதாம். தூணில்லாத ஐஸில் ஆடிய முதல் நாள் இந்த அணியில் அவள் ஒருத்தியிடம்தான் இருக்கிறதாம். இன்னும் ஈரமாக இருக்கிறதாம். மாநிலத்தின் மானம் என்றார். இன்று ஒரு நாள் மட்டும் என்றார். ஐநூறுக்குப் பதில் ஐநூற்று ஒன்றாவது நாளை வைத்துக்கொள்ளலாமே, அதுவும் நாள்தானே என்றார்.

"ஐநூறாவது நாள் என்னோடது சார்," என்றாள் தமயந்தி. "அதுக்காகத்தான் இத்தனை நாளும் வந்தேன்."

அவளுக்கு அழுகை வந்தது. கதவருகே போய்விட்டுத் திரும்பினாள். சொந்தக் காலில் மூன்றடி நடக்கத் தெரியாத அந்தப் பெண்கள் கூட்டத்தின் சிரிப்பில் கிடந்தது கண்ணில் நின்றது. அவர்கள் போட்டுக்கொண்டு விழுந்தது அவளுடைய கால்கள். அவமானம் அவளுக்கும் பாதி. வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கிரிதரன் தொப்பியை மாட்டினான். மோட்டார் வழக்கம்போல உறுமி, அரை நிமிஷத்தில் அடங்கியது.

கிரிதரன் திரையைத் தட்டிப் பார்த்தான். "சார், ஒண்ணும் வரலை."

"ஏன்?"

"வடிகட்டி எல்லாத்தையும் தள்ளிடுச்சு. விழறதுக்கு முன்னாடி அஞ்சு விநாடி, பின்னாடி அஞ்சு விநாடி வெட்டிடும். இவங்க இன்னிக்கு பத்து விநாடி சேர்ந்தாப்ல நிக்கவே இல்லைங்க. மோட்டாரைப் பொறுத்தவரை இன்னிக்கு நாள் முழுக்கத் தப்புதான்."

"வடிகட்டியை நிறுத்துடா."

"நிறுத்தலாம். ஆனா விழுந்ததும் சேர்ந்தே வரும். வாங்கிக்கிறவங்களுக்கு அத்தனையும் வலியோட ஏறும் சார். முட்டி, இடுப்பு, எல்லாம்."

"ஏத்துங்க," என்றாள் மாதங்கி கட்டிலிலிருந்து. "எனக்கு விழத் தெரியணும்."

"சும்மா இரு. என் பொண்ணுக்கு எதுக்குடா அந்த வலி?" என்றார் நாகரத்தினம் கிரிதரனைப் பார்த்து.

தான் சொன்னது நாகரத்தினத்தின் காதிலேயே விழுந்துவிட்டது. அவர் குல்லாயைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார். மாதங்கி அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தொப்பியைக் கழட்டுங்க கிரி," என்றாள் தமயந்தி. அவன் கழற்றினான். பிறகு யாரும் கேட்காமலே பிளக்கையும் பிடுங்கினான்.

தமயந்தி அறைக்குப் போய் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, உடம்பெல்லாம் வலிக்க, ஒன்பதாம் நம்பர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கினாள்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு அணி ஐஸ் தளத்தில் நின்றது. அன்றைய ட்ரில் மிக எளிது. நடுவை நேராகக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். மீதிப் பெண்கள் நடுவில் வளைந்துகொண்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டும் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டிருந்தார்கள். மாதங்கி ஓரத்தில், கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே முட்டி போட்டு விழுந்து பார்த்தாள். வலித்தது. அக்கா சொன்னது சரிதான் என்று முனகிவிட்டு மறுபடி விழுந்தாள்.

தமயந்தி தடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கையை விட்டாள். இடது காலைத் தள்ளினாள், அது போக வேண்டிய பக்கம் போனது. வலது காலைத் தள்ளினாள். கொஞ்சம் ஆடியது, விழவில்லை. நேற்று எப்படித் திரும்பினோம் என்று யோசிப்பதற்குள் கால் தானாகத் திரும்பியது. நின்றால் அழுதுவிடுவோம் என்று நிற்காமல் போனாள். நடுவுக்கு வந்ததும், கால் கேட்காமலே, வேண்டுமென்றே காற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குகதாசன் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு சுற்று ஆனது. இரண்டு சுற்று ஆனது. கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை வருஷத்தில் பயிற்சி இவ்வளவு தாமதமானதே இல்லை.

"தங்கச்சி, எப்ப விழப்போறீர்?" என்று கேட்டார்.

"தெரியலை சார்," என்றாள் தமயந்தி. "நீங்க ஆரம்பிங்க."